நான்கு வாரத்துக்கு எழுதிய மாத்திரை மூன்று ஆண்டாகத் தொடர்கிறது

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிட்டபோது நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வந்தன. மருத்துவர் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்ஸ்யூலை நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. அதே சீட்டைக் காட்டி இன்றுவரை வாங்கிச் சாப்பிடுகிறேன். காலையில் காபியோடு போட்டுக்கொள்வேன். மறந்தால் டிபனுக்குப் பிறகு. தைராய்டு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கால்சியம் ஆகியவையும் உண்டு. கால்வலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் மாத்திரை இப்போதும் தேவைப்படுகிறது. அமில மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்துப் பயந்து நிறுத்தினேன். ஐந்தாம் நாளே முன்பைவிட மோசமாக எரிந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் இதை விட முடியாதா? எப்படிச் சாப்பிடுவது சரி? இன்னொன்று: என் மாமியாருக்கு 84 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். அவருக்கும் பான்டோபிரசோல் மாத்திரை உண்டு. விழுங்கச் சிரமப்படுவதால் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். சரிதானா?

பதில்:

அம்மா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவசரம்.

மாமியாருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். பான்டோபிரசோல் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துதான். ஆனால் அமிலம் பட்டால் அதுவே சிதைந்துவிடும். அதனால்தான் மாத்திரையின் மேல் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். இரைப்பையில் கரையாமல் தாக்குப்பிடித்து, சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும் பூச்சு அது. அம்மியிலோ கரண்டியாலோ நசுக்கியவுடன் அந்தப் பூச்சு போய்விட்டது. தயிரும் புளிப்பு, இரைப்பையும் புளிப்பு. மருந்தில் பெரும்பகுதி குடலைச் சேர்வதற்குள்ளேயே வீணாகிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிற 84 வயதுக்காரருக்கு இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து அதிகம். அதைத் தடுக்கத்தான் இதய மருத்துவர் இந்த மாத்திரையை எழுதியிருப்பார். நீங்கள் கொடுக்கிறீர்கள், அவரும் சாப்பிடுகிறார், பாதுகாப்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும்: அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒமிபிரசோல் காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருக்கும் குருணைகளை மெல்லாமல் விழுங்கச் செய்யலாம் என்று. முறை சரிதான். அந்தக் குருணை ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியே பூச்சு இருக்கிறது. நசுக்காத வரை அது கெடாது. ஆனால் உங்கள் மாமியாருக்கு அது பொருந்தாது. ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் குளோபிடோகிரெல் உடலில் செயல்வடிவம் பெறுவதைக் குறைக்கின்றன. இவற்றைக் குளோபிடோகிரெலோடு சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே எச்சரித்தது. பான்டோபிரசோலிலும் லான்சோபிரசோலிலும் இந்தத் தொல்லை குறைவு. வாயில் கரையும் மாத்திரையாக லான்சோபிரசோல் கிடைக்கிறது. எது பொருந்தும் என்பதை இதய மருத்துவர் தீர்மானிக்கட்டும். மருந்தை மாற்றிக்கொள்ளும் வரை மற்ற இதய மாத்திரைகளில் ஒன்றைக்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை மட்டுமல்லாமல் சோறும் தண்ணீரும்கூடத் தொண்டையில் சிக்குகிறதா, குடிக்கும்போது புரையேறுகிறதா என்று கவனித்து அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்குவதில் உள்ள சிரமமே தனியாகப் பார்க்க வேண்டிய ஒரு நோய்க்குறி.

இனி உங்கள் காப்ஸ்யூலுக்கு வருவோம்.

இந்த மருந்து குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாகவே இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இது பிடித்து முடக்கும். உறங்கிக்கொண்டிருக்கும் பம்பை ஒன்றும் செய்யாது. பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. மருந்து ரத்தத்தில் தங்கியிருப்பதோ சில மணி நேரம். ஆக, மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும் பம்புகள் விழித்துக்கொள்ளும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். 'சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு' என்று சீட்டில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். இரவு முழுவதும் வயிறு காலியாக இருந்த பிறகு வரும் காலை உணவுக்கு முன் போடுவது இன்னும் நல்லது. டிபன் முடிந்தபின் போட்டுக்கொண்டால் மாத்திரை மொத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன்; பலன் குறையும். மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனே சாப்பிடாமல் மதியம் வரை வேலையில் மூழ்கிவிட்டாலும் அதே கதைதான்.

உங்கள் காலை நேரத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாம். எழுந்தவுடன், ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம், தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. காபி தைராய்டு மாத்திரையின் உறிஞ்சுதலைக் கெடுக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. எட்டரைக்கு டிபன் என்றால் எட்டு மணிக்கு முன்பே அமில மாத்திரை. கால்சியத்தைக் காலைப் பக்கமே கொண்டுவராமல் மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்; தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். எரிச்சல் இரவில்தான் அதிகம் என்றால், அமில மாத்திரையை இரவு உணவுக்கு முன் மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். படுக்கப் போகும்போது போடுவதில் பயனில்லை. ஒருநாள் மறந்துபோனால் அடுத்த சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். மறுநாளே நினைவு வந்தால் வழக்கமான ஒன்று போதும், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

எரியும்போது ஒன்று போட்டுக்கொண்டால் உடனே அடங்கும் என்று இதை எதிர்பார்க்கக் கூடாது. எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒரு நாளில் ஒரு பங்கு, மறுநாள் இன்னொரு பங்கு என்று முடங்கி, முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உடனடி நிவாரணத்துக்கு அமிலத்தைச் சமன்செய்யும் திரவ மருந்து போதும். அதையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடிகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தமும் இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அடுத்து, காப்ஸ்யூலில் பான்டோபிரசோலோடு சேர்ந்திருக்கும் டோம்பெரிடோன். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு மருந்து தனியாக உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் நினைப்பதே இல்லை. பெயருக்குப் பின்னால் 'டி' என்றோ 'டி.எஸ்.ஆர்.' என்றோ ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். டோம்பெரிடோன் வாந்தி, குமட்டலுக்கான மருந்து. அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் அதற்குக் கடிவாளம் போட்டது: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. இங்கே விற்கும் இந்த வகைக் காப்ஸ்யூல்களில் வழக்கமாக 30 மில்லிகிராம் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் 61 வயதில், மூன்று ஆண்டாக, தினமும் சாப்பிடுகிறீர்கள். நடுவில் காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ, படைக்கு ஃபுளூகோனசோலோ யாராவது எழுதினால் ஆபத்து இன்னும் ஏறும். உங்களுக்கு வாந்தியோ குமட்டலோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எனக்கு டோம்பெரிடோன் தேவையா? வெறும் பான்டோபிரசோல் போதாதா?" பெரும்பாலும் போதும் என்பதே பதிலாக இருக்கும். அதுவரை படபடப்போ மயக்கமோ வந்தால் அலட்சியம் வேண்டாம்.

முழங்கால் மாத்திரையின் அட்டையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். நம் நாட்டில் அசிக்ளோபெனாக் என்ற வலி மருந்தையும் ரேபிபிரசோல் என்ற அமில மருந்தையும் ஒரே காப்ஸ்யூலில் சேர்த்து விற்கிறார்கள். உங்களுடையது அந்த வகையாக இருந்தால், வாரத்தில் மூன்று நான்கு நாள் தெரியாமலே இரண்டு அமில மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். பெயர் 'பிரசோல்' என்று முடிகிற அமில மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம். எலும்பு மருத்துவர் ஒன்று, சர்க்கரை மருத்துவர் ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு பெயரில் அது குடியிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

சிறுநீரகத்தைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தியை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த மருந்துகளால் அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை வகை அழற்சி வருவது உண்மை. திடீரென்று சிறுநீர் குறைவது, காய்ச்சல், தோலில் தடிப்பு, காரணம் தெரியாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். அது யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்டுபிடித்தவுடன் மருந்தை நிறுத்த வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோய், நினைவாற்றல் இழப்பு, மாரடைப்பு என்று சேர்த்துப் பரப்பப்படும் பட்டியல் வேறு வகை. மருந்து சாப்பிட்டவர்களின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்தது அது. ஏற்கெனவே பல நோய் உள்ளவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பதால், எது நோயால் வந்தது, எது மாத்திரையால் வந்தது என்று அவற்றில் பிரித்தறிவது கடினம். பல நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தநாள நோயாளிகளுக்கு, சிலருக்கு நீங்கள் சாப்பிடும் அதே 40 மில்லிகிராம் பான்டோபிரசோலும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துச் சுமார் மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. தெளிவாகக் கூடுதலாக இருந்தது குடல் தொற்று மட்டுமே: மருந்து எடுத்தவர்களில் 1.4 சதவீதம், எடுக்காதவர்களில் 1.0 சதவீதம். அமிலம் குறைந்தால் கிருமிகள் தப்பிப் பிழைக்கும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். வெளியில் சட்னியும் தண்ணீரும் சாப்பிடும்போது மற்றவர்களைவிட நீங்கள் சற்று கவனமாக இருக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்காக நீங்கள் பயந்து நிறுத்திய மாத்திரையைவிட, பயமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். சர்க்கரை உள்ள ஒருவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் வலி மாத்திரை சாப்பிடுவது சிறுநீரகத்துக்கும் கெடுதல், இரைப்பைக்கும் கெடுதல். எரிச்சலைக் கிளப்பியதே அதுதானே! முழங்காலுக்கு வெளியில் தடவும் வலி நிவாரணக் களிம்பு, தேவையானபோது அளவாகப் பாராசிட்டமால், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவற்றால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று எலும்பு மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் பேசுங்கள். இதில்தான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. வலி மாத்திரை தொடரும் வரை, இந்த வயதில் இரைப்பைக்குப் பாதுகாப்பாக அமில மாத்திரையும் தொடர வேண்டியிருக்கும். வலி மாத்திரையை விட முடிந்தால், அமில மாத்திரையை விடும் வழியும் திறக்கும்.

நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவற்றில் பி12 வைட்டமினுக்கு முதலிடம் தருவேன். உணவிலிருந்து பி12 பிரிந்து வர அமிலம் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் அமில மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பி12 குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு அதைக் குறைக்கும். நீங்கள் சைவமாகவும் இருந்தால் மூன்று பக்கமும் அடைபட்டதுபோல் ஆகிவிடும். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் மதமதப்பு, நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிவது, மறதி இவையெல்லாம் அதன் அடையாளங்கள். கால் மதமதப்பைச் 'சர்க்கரை நரம்பைத் தாக்கிவிட்டது' என்று மட்டும் எண்ணிச் சும்மா இருந்துவிடுவார்கள். பி12 என்றால் சரிசெய்துவிடலாம், காலம் தாழ்த்தினால் நரம்பு முழுதாகத் திரும்பாது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்தும் குறைவாகவே உறிஞ்சப்படலாம். நேர இடைவெளி கொடுத்தாலும் இது முழுதாகத் தீராது. எனவே அமில மாத்திரையைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைவதற்கும் அமிலம் தேவை. உணவோடு சாப்பிடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே சிக்கல் உண்டு. மெக்னீசியம் குறைவது அரிது. கெண்டைக்கால் பிடிப்பும் தசைத் துடிப்பும் அடிக்கடி வந்தால், அதிலும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பார்க்கச் சொல்லலாம்.

இப்போது, நிறுத்தியபோது ஏன் அப்படி எரிந்தது? "மருந்து இல்லாமல் என்னால் இருக்க முடியாது போலிருக்கிறது" என்று நீங்கள் முடிவு கட்டியது இயல்புதான். ஆனால் அந்த எரிச்சல் பழைய நோயின் சாட்சியாக இருக்க வேண்டியதில்லை. அமிலம் குறைந்திருப்பதை உணரும் உடல், அதை ஈடுகட்ட அமிலச் சுரப்பைத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகமாக்கிக்கொண்டே இருக்கும். காவிரியில் மதகை அடைத்தால் பின்னால் தண்ணீர் ஏறி நிற்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது அந்த மதகை ஒரேயடியாகத் தூக்குவது. டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். மறு பாதிக்கு முழுக்கப் போலி மாத்திரைதான். நிறுத்திய பிறகு வந்த நான்கு வாரத்தில், மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. மற்றவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கே அப்படி என்றால் மூன்று ஆண்டு சாப்பிட்ட உங்களுக்கு ஐந்தாம் நாள் எரிந்ததில் வியப்பில்லை. இந்த எதிர்விளைவு சில வாரங்களில் தானாகத் தணியும்; சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

நிறுத்துவதற்கு முன் ஒரு தடவையாவது எண்டோஸ்கோபி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அறுபதைத் தாண்டி, மூன்று ஆண்டாக எரிச்சல், வலி மாத்திரைப் பழக்கம் என்று இருக்கும்போது பார்ப்பது நியாயமே. அல்சருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் சோதிக்கலாம். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்குத்தான் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சு, மலம் வழியாகச் செய்யும் சோதனைகளுக்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். ஆய்வகத்தில் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உணவுக்குழாயில் கடுமையான புண், பாரட் எனப்படும் உணவுக்குழாய் மாற்றம், முன்பு ரத்தம் கசிந்த அல்சர், உங்கள் மாமியார்போல ரத்தக் கசிவைக் கூட்டும் மருந்துகளின் துணை, இப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தால் குறைக்கத் தொடங்கலாம். வழக்கமாக 40-இலிருந்து 20 மில்லிகிராமுக்கு இறக்கி இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். ஒரேயடியாக நிறுத்துவதும் தவறில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இடையில் எரிச்சல் வரும் என்று தெரிந்து தாக்குப்பிடிக்கிறவர்களுக்கு அது சரி. நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை பயந்துவிட்டதால் மெல்ல இறங்குவதையே நான் சொல்வேன். நடுவில் எரிந்தால் அமிலத்தைச் சமன்செய்யும் திரவ மருந்து. இரவில் மட்டும் தொல்லை என்றால் சில நாளைக்கு ஃபமோடிடின் என்ற வேறு வகை அமிலக் குறைப்பு மருந்தைப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரையைக் கைவிட்ட பிறகே அமில மாத்திரையைக் குறைக்கத் தொடங்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

இந்த வாரங்களில் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, படுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் அளவுக்கு உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எதுக்களிப்புதான் கூடும். இடதுபக்கம் திரும்பிப் படுப்பது உதவும். மிளகாய் அல்சரை உண்டாக்குவதில்லை. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடுங்கள். இரவில் எரிந்தால் ஒரு டம்ளர் பால் என்ற பழைய வைத்தியம் பத்து நிமிடம் இதமாக இருக்கும், பிறகு அமிலத்தை மேலும் சுரக்கச் செய்யும்.

விழுங்கும்போது அடைப்பு, காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை, ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சுவலியாக வருவதில்லை; மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல், தாடையிலும் கையிலும் பரவும் வலி என்று வேடம் போட்டு வரும். "கேஸ் பிடித்திருக்கிறது" என்று சோடா குடித்துக் காத்திருந்து உயிரை விட்டவர்கள் நிறைய. அந்த மாதிரி வந்தால் 108.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய சீட்டோடு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மாமியாருடையதையும் சேர்த்து. கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டித் துண்டாகக் கொடுத்தால் காலாவதித் தேதி எந்தத் துண்டில் போனதென்று தெரியாது; தேதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளை முன்கூட்டியே பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். ஈரம் பட்டால் கெட்டுப்போகும் மருந்து இது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியும் அதற்கு ஏற்ற இடமில்லை.